அரசு வழக்கறிஞரிடம் எப்படிப் பேசுவது: பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும்

குற்ற வழக்கை அரசு நடத்தும், நமக்கு வக்கீல் தேவையில்லை என்று பலரும் நம்புகிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதிதான் ஆளைக் கவிழ்க்கும். அரசு வழக்கறிஞர் அரசின் வழக்கறிஞர். நீங்கள் அவருக்குக் கட்சிக்காரர் இல்லை, அவருடைய பட்டியலில் ஒரு சாட்சி. உங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் போலீஸ் கட்டிக் கொடுத்த கட்டில், அதாவது வழக்கு ஆவணத் தொகுப்பில், இருப்பது மட்டுமே. நீங்கள் சொல்லி போலீஸ் எழுதாமல் விட்டது எதுவும் அவருக்குத் தெரியாது. ஒரே நாளில் பல வழக்குகள் நடக்கும் நீதிமன்றத்தில் உங்கள் கட்டை அவர் விசாரணை நாளுக்கு முன்னால்தான் விரித்துப் பார்த்திருப்பார். இதை மனதில் வைத்துக்கொண்டால் அவரிடம் எப்போது போவது, என்ன கேட்பது, எதை எழுத்தில் தருவது என்பதெல்லாம் தானாகப் புரியும்.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. கீழே வரும் பிரிவு எண்கள், வேறு சட்டத்தின் பெயர் சொல்லாத இடங்களில், அந்தப் புதிய சட்டத்தின் எண்கள். பழைய வழக்குகளில் வக்கீல்கள் பழைய எண்களையே சொல்வார்கள். குழம்ப வேண்டாம்.

முதலில், உங்கள் வழக்கு யார் கையில்?

குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் வழக்கை நடத்துபவர் உதவி அரசு வழக்கறிஞர். ஏ.பி.பி. என்பார்கள். இவர் குற்றவழக்குத் தொடர்வுத் துறையைச் சேர்ந்த அரசு ஊழியர். கொலை, கொலை முயற்சி, பாலியல் வன்முறை போன்ற வழக்குகள் நடக்கும் அமர்வு நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர், அதாவது பி.பி., அல்லது கூடுதல் பி.பி. இருப்பார். இவர் பொதுவாக வெளியில் தொழில் செய்த வக்கீல்களிலிருந்து அரசு நியமிப்பவர், குறைந்தது 7 ஆண்டு அனுபவம் வேண்டும். போக்சோ வழக்குக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குக்கும் சிறப்பு அரசு வழக்கறிஞர் தனியாக உண்டு.

ஆள் மாறிக்கொண்டே இருப்பார். அதனால் ஆளை நம்பாமல் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கேதான் நிறையப் பேர் வழக்கைத் தொலைக்கிறார்கள், ஏனென்றால் எண் வழியில் மாறும். காவல் நிலையத்தில் அது குற்ற எண். குற்றப்பத்திரிகை நடுவரிடம் போனதும் சி.சி. எண் ஆகும். அமர்வு நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டிய வழக்கென்றால் நடுவரிடம் அது பி.ஆர்.சி. எண்ணில் இருக்கும், மேலே அனுப்பியதும் எஸ்.சி. எண் என்று புதிதாக வரும். ஒவ்வொரு கட்டத்திலும் புது எண்ணைக் குறித்துக்கொண்டு, இ-கோர்ட்ஸ் செயலியில், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள, எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண்ணைப் போட்டு வாய்தா தேதியைப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கையின் எண்ணையும் காவல் நிலையத்தையும் போட்டும் தேடலாம்.

சம்மன் வரும்வரை சும்மா இருக்காதீர்கள்

முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது புகார் கொடுத்தவரின், பாதிக்கப்பட்டவரின் உரிமை. அது 173ஆம் பிரிவு. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 193ஆம் பிரிவு. செல்போன் செய்தியாக வந்தாலும் செல்லும். வரவில்லையென்றால் அந்தப் பிரிவைச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் 'பார்க்கலாம்' என்ற பதில்தான் கிடைக்கும்.

வாக்குமூலம் வாங்க உங்களைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டால் ஒன்று தெரிந்திருக்கட்டும். பெண்கள், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை வீட்டைத் தவிர வேறு இடத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ் எழுதும் அந்த வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதும் சட்டம். கையெழுத்து இல்லையே, அதனால் அது ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் கூண்டில் உங்களுக்கு வரும் தலைவலியில் பெரும்பகுதி அந்தத் தாளிலிருந்துதான் வரும். அதை எழுதும்போதே, 'ஒருமுறை படிச்சுக் காட்டுங்க சார்' என்று கேளுங்கள். நேரம், திசை, யார் கையில் என்ன இருந்தது ஆகிய மூன்றையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

நடுவரிடம் 183ஆம் பிரிவின் கீழ் கொடுக்கும் வாக்குமூலம் இதைவிடக் கனமானது. சத்தியம் செய்து சொல்வது, கையெழுத்தும் இருக்கும்.

கட்டில் இல்லாத சான்று உங்களிடம் இருந்தால் அதை அரசு வழக்கறிஞர் கையில் நேராகத் திணிக்காதீர்கள். அவர் வாங்கினாலும் அது வழக்கில் சேராது. விசாரணை அதிகாரிக்கு மனு கொடுத்து, குற்றப்பத்திரிகை போட்டாகிவிட்டால் 193(9)இன் கீழ் மேல் விசாரணை கேட்டு, அந்த மனுவின் நகலைத்தான் அரசு வழக்கறிஞரிடம் தர வேண்டும். செல்போன் வீடியோ, ஆடியோ, குறுஞ்செய்தி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாமல் மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றம் ஏற்காது. புதிய படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்றில் கருவியை வைத்திருந்தவர் கையெழுத்திட வேண்டும், மற்றொன்றில் நிபுணர். கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் எழுதப்படும். வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்ப இறக்கிய வீடியோ மூலப் பதிவு ஆகாது. அனுப்பும்போதே கோப்பு சுருங்கி மாறிவிடும். முதலில் பதிவான செல்போனை அழிக்காமல், விற்காமல், ரீசெட் செய்யாமல் வைத்திருங்கள். கடைக் கேமரா பதிவு சில நாளிலோ வாரங்களிலோ தானாக மேலெழுதப்பட்டுவிடும் என்பதால் அதற்கான கடிதத்தை முதல் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

அரசு வழக்கறிஞருக்கு ஒரு பக்கக் கடிதம்

நேரில் போய்ச் சந்திப்பதற்கு முன் இதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பக்கம். மேலே நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், காவல் நிலையம், குற்ற எண். அடுத்து நீங்கள் யார், குற்றப்பத்திரிகையின் சாட்சிப் பட்டியலில் எத்தனையாவது சாட்சி என்ற விவரம். இப்போதைய முகவரியும் செல்போன் எண்ணும் வேண்டும். வீடு மாறியதால் சம்மன் திரும்பிப்போய், 'சாட்சி கிடைக்கவில்லை' என்று எழுதப்பட்டுக் கெட்டுப்போகும் வழக்குகள் ஏராளம். அதன்பின் கட்டில் விட்டுப்போனவை, மிரட்டல் இருந்தால் தேதியோடு, பிரசவம், அறுவை சிகிச்சை, தேர்வு போல வரவே முடியாத நாட்கள், மொழிபெயர்ப்பாளரோ சைகை மொழி தெரிந்தவரோ தேவைப்பட்டால் அது. கதை எழுத வேண்டாம். இரண்டு நகல் எடுத்து ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். தராவிட்டால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள்.

சந்திக்க நல்ல நேரம் நீதிமன்றம் கூடுவதற்கு முன்போ, மாலையில் கலைந்த பிறகோதான். நடுவில் அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது கையைப் பிடித்து இழுத்தால் காரியம் நடக்காது. அவருடைய அறை எங்கே என்று அந்த நீதிமன்றத்துக்கு வரும் கோர்ட் டூட்டி போலீஸ்காரரிடம் கேளுங்கள். சாட்சிகளை அழைத்துவருவதும் கட்டைக் கொண்டுவருவதும் பெரும்பாலும் அவர் வேலைதான். அவரைப் பகைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

என்ன கேட்கலாம்? எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) எத்தனை பேர், எந்தெந்தப் பிரிவு, நான் எந்தப் பகுதியை நிரூபிக்க வரவேண்டும், என்னுடைய முந்தைய வாக்குமூலத்தைப் படிக்கலாமா, எந்தச் சான்றுப் பொருளை என்னிடம் காட்டுவீர்கள். கேட்கக் கூடாதது ஒன்று உண்டு: 'நான் என்ன சொல்லணும்?' நல்ல அரசு வழக்கறிஞர் இதற்குப் பதில் சொல்ல மாட்டார். உங்கள் பழைய வாக்குமூலத்தைக் காட்டி நினைவூட்டுவது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு. 2024இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு கொலை வழக்கில், சாட்சிகளை முந்தின நாள் காவல் நிலையத்துக்கு வரவழைத்துச் சாட்சியம் சொல்லிக்கொடுத்தது தெரியவந்ததால் உச்ச நீதிமன்றம் தண்டனையையே ரத்து செய்தது. எனவே 'நாளைக்கு கோர்ட், இன்னைக்கு ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க' என்று யாராவது கூப்பிட்டால், 'ஐயா, அரசு வழக்கறிஞர் அறைக்கே நேரா வந்துடுறேன்' என்று சொல்லுங்கள்.

சாட்சி சொல்லும் நாள்

சம்மன், ஆதார் அட்டை, மூக்குக் கண்ணாடி. கடைசியை மறக்காதீர்கள். மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்தோ பொருளைக் கைப்பற்றியோ போலீஸ் எழுதும் தாளில்) இருக்கும் உங்கள் கையெழுத்தைக் காட்டி 'இது உங்களுடையதா?' என்று கேட்கும்போது கண்ணாடி இல்லாமல் தடுமாறினால், அதுவே குறுக்கு விசாரணைக்குத் தீனி. காலை 10 மணிக்கே போய், வந்திருப்பதை கோர்ட் டூட்டி போலீஸிடமும் பெஞ்ச் கிளார்க்கிடமும் சொல்லிவிடுங்கள். வேறு சாட்சி பேசும்போது நீங்கள் நீதிமன்ற அறைக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. வெளியே காத்திருங்கள், ஆனால் டவாலி பெயரைக் கூப்பிடுவது காதில் விழும் தூரத்தில். வராண்டாவில் மற்ற சாட்சிகளோடு சம்பவத்தைப் பற்றிப் பேசாதீர்கள். எதிர்த்தரப்பு ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதுவும் ஒரு கேள்வியாகக் கூண்டுக்கு வரும்.

முதல் விசாரணையில் அரசு வழக்கறிஞர் கேட்பார். பதிலைத் தூண்டும் கேள்வியை அவர் கேட்கக் கூடாது என்பதால் கேள்வி பொதுவாகவே இருக்கும்: 'அன்னைக்கு என்ன நடந்தது?' நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள். பிறர் சொல்லிக் கேட்டதை 'கேள்விப்பட்டேன்' என்றே சொல்லுங்கள். நீதிபதியைப் பார்த்துப் பேசுங்கள், ஒரு வாக்கியம் தட்டச்சாகும்வரை நிறுத்துங்கள்.

குறுக்கு விசாரணையில் எதிரியின் வக்கீல் இரண்டு வகையாக அடிப்பார். ஒன்று, 'சொல்லவில்லை' என்பது. 'எதிரி கையில் இரும்புக் கம்பி வைத்திருந்ததாக நீங்கள் போலீஸ் விசாரணையில் சொல்லவில்லை என்றால்?' சாட்சிகள் இங்கேதான் பயந்து 'சொல்லல சார்' என்றுவிடுகிறார்கள். உண்மையில் சொல்லியிருந்தால் பதில் இதுதான்: 'சொன்னேன். எழுதினார்களா என்று தெரியாது.' அந்தத் தாளை எழுதியது நீங்கள் இல்லை. பின்னால் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது இதே கேள்வி அவரிடம் போகும், அங்கே அவர் பதில் சொல்லட்டும். உண்மையிலேயே சொல்லவில்லையென்றால் 'சொல்லவில்லை' என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லலாம். 'அப்ப அவங்க கேட்கலை' என்பதும் நேர்மையான காரணம்தான்.

இரண்டாவது வகை, 'என்றால் சரியா' என்று முடியும் கேள்வி. 'முன்விரோதம் காரணமாக நீங்கள் பொய்ச் சாட்சி சொல்கிறீர்கள் என்றால் சரியா?' இது வழக்கமான சடங்கு. அந்த எதிரிக்காக அவர் கேட்டே ஆக வேண்டும். கோபப்படாமல் 'சரியல்ல' என்று சொல்லிவிட்டு நின்றால் போதும். 'அரசு வழக்கறிஞரைப் பார்த்துப் பேசினீர்களா?' என்றும் கேட்பார். பேசியிருந்தால் 'ஆமாம்' என்பதே பதில். அதில் குற்றம் எதுவும் இல்லை. மறைத்தால்தான் சிக்கல். தூரம், நேரம், வெளிச்சம் பற்றிய கேள்விகளில் ஊகித்து எண் சொல்லாதீர்கள். 'அளந்து பார்க்கவில்லை, இங்கிருந்து அந்தக் கதவு வரை இருக்கும்' என்று காட்டலாம். கேள்வி புரியாவிட்டால் நீதிபதியிடம், 'ஐயா, கேள்வி புரியலை' என்று சொன்னால் திருப்பிக் கேட்கச் சொல்வார்.

பாலியல் வன்முறை வழக்குகள் மூடிய அறையில் நடக்க வேண்டும், 366ஆம் பிரிவு. போக்சோ வழக்கில் குழந்தையிடம் வக்கீல்கள் நேராகக் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வியை நீதிபதியிடம் தந்து அவர்தான் கேட்பார், எதிரி குழந்தையின் கண்ணில் படவும் கூடாது. நடைமுறையில் திரையோ தனியறையோ தயாராக இல்லாமல் இருக்கலாம். முந்தின வாய்தாவிலேயே அரசு வழக்கறிஞரிடம் இதை எழுதிக் கேட்டுவிடுங்கள்.

முடிந்ததும் உங்கள் சாட்சியத்தை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது 313ஆம் பிரிவு. மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கினால் தாளை நீட்டி 'கையெழுத்துப் போடுங்க' என்பார்கள். படித்த பிறகு போடுங்கள். காலை மாலையாகி, இடது வலதாகி, 'பார்த்தேன்' என்பது 'பார்க்கவில்லை' ஆகியிருக்கும் இடம் அதுதான். திருத்தம் இருந்தால் நீதிபதியிடம் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் உங்கள் ஆட்சேபத்தைக் குறித்துவைக்கலாம்.

அன்று விசாரிக்காமலே அனுப்பினால்? சாட்சி வந்திருக்கும்போது தக்க காரணம் எழுதாமல் வாய்தா தரக் கூடாது என்கிறது 346ஆம் பிரிவு. தந்தால் அடுத்த தேதியை பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், வந்ததற்கான சான்று வாங்குங்கள். வேலை பார்க்கும் இடத்தில் அதுதான் விடுப்புக்கு ஆதாரம். சாட்சிப் படியும் கேளுங்கள். தொகை சிறிது, ஆனால் உங்களுக்கு உரியது. நாமாகவே 'இன்னைக்கும் நடக்காது' என்று முடிவு செய்து போகாமல் விட்டால் பிடியாணை வரும்.

பயமும் பேரமும்

எதிர்த்தரப்பு சமாதானம் பேச வரும். சில குற்றங்களை மட்டுமே, 359ஆம் பிரிவின் பட்டியல்படி, பாதிக்கப்பட்டவர் ராஜியாக முடிக்க முடியும். மற்றவற்றில் நீங்கள் பணம் வாங்கிக்கொண்டு கூண்டில் மாற்றிப் பேசினால் அரசு வழக்கறிஞர் உங்களைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் செய்து, அவரே உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார். நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சி சொன்னால் 7 ஆண்டுவரை சிறை உண்டு. உண்மையாகவே நினைவில்லையென்றால் 'நினைவில்லை' என்பது பிறழ்வது ஆகாது.

மிரட்டல் இருந்தால் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்று நாடு முழுக்கச் சட்டமாக்கிய சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தைப் பயன்படுத்துங்கள். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, 7 ஆண்டும் அதற்கு மேலும் சிறை விதிக்கத்தக்க குற்றங்களுக்கும், பெண்களுக்கு எதிரான சில குற்றங்களுக்கும் அது பொருந்தும். மாவட்ட நீதிபதி தலைமையில் குழு இருக்கும். மாவட்டத்தின் குற்றவழக்குத் தொடர்வுத் தலைவர்தான் அதன் உறுப்பினர் செயலர், மனுவை அவர் வழியாகவே கொடுக்க வேண்டும். டி.எஸ்.பி. நிலை அதிகாரி 5 வேலை நாளில் மிரட்டல் அறிக்கை தர வேண்டும். பாதுகாப்பு ஒருமுறைக்கு 3 மாதத்துக்கு மேல் போகாது, தேவைப்பட்டால் நீட்டிக்கக் கேட்க வேண்டும். மனு தள்ளுபடியாவதற்குப் பெரும்பாலும் காரணம், 'மிரட்டுறாங்க' என்ற ஒற்றை வரி. எந்த நாள், எத்தனை மணி, எந்த எண்ணிலிருந்து, சொன்ன வார்த்தை அப்படியே என எழுதுங்கள். அழைப்புப் பட்டியலை இணையுங்கள். எதிரி ஜாமீனில் இருந்தால் அதே விவரத்தை வைத்து ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி அரசு வழக்கறிஞரிடம் கேளுங்கள். உடனடி ஆபத்துக்கு 112.

அவர் சரியில்லையென்றால்

கூப்பிட்டுப் பேசவில்லை என்பதெல்லாம் குறையில் சேராது, வேலைப்பளு அப்படி. முக்கியச் சாட்சியைக் காரணமின்றிக் கைவிடுவது, எதிர்த்தரப்போடு உறவு, குறுக்கு விசாரணையில் தகாத கேள்விக்கு வாயே திறக்காதது ஆகியவை குறை. ஏ.பி.பி. என்றால் மாவட்டத் துணை இயக்குநருக்கு எழுதுங்கள். பி.பி. என்றால் மாவட்ட ஆட்சியருக்கும் அரசுக்கும். 18(8)இன்படி, பாதிக்கப்பட்டவர் நீதிமன்ற அனுமதியோடு தன் வக்கீலை வைத்து அரசுத் தரப்புக்கு உதவலாம். எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். அந்த வக்கீல் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்க வேண்டிய கேள்வியை அரசு வழக்கறிஞரிடம் எழுதித் தரலாம், சாட்சியங்கள் முடிந்தபின் எழுத்துபூர்வ வாதம் தாக்கல் செய்யலாம். இன்னொரு லாபம்: வக்கீல் இருந்தால் குற்றப்பத்திரிகையும் ஆவணங்களும் 230ஆம் பிரிவின்படி உங்களுக்கும் கிடைக்கும். பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பே இல்லை. எண் 15100.

அரசே வழக்கைத் திரும்பப் பெற மனு போட்டால், 360ஆம் பிரிவின்படி உங்களைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்க முடியாது. வன்கொடுமை வழக்கில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு இன்னும் வலுவானது. ஜாமீன் உட்பட எல்லா நடவடிக்கைக்கும் உங்களுக்கு முன்னறிவிப்பு தர வேண்டும்.

பொருள், இழப்பீடு, தீர்ப்பு

மீட்கப்பட்ட நகையோ வண்டியோ தீர்ப்புவரை நீதிமன்றத்தில் கிடக்க வேண்டியதில்லை. 497ஆம் பிரிவில் மனு போட்டால் படம் எடுத்து வைத்துக்கொண்டு இடைக்காலமாகத் தருவார்கள். அரசு வழக்கறிஞர் ஆட்சேபம் இல்லை என்று எழுதினால் வேகமாக முடியும். வண்டியின் பதிவுச் சான்றை, நகையின் பில்லைக் கொண்டுபோங்கள்.

இழப்பீட்டுக்கு வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் 396ஆம் பிரிவில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். எதிரி யாரென்றே தெரியாவிட்டாலும் முடியும்.

தீர்ப்பு நாளில் நேரில் இருங்கள். எதிரி விடுதலையானாலோ, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டனை கிடைத்தாலோ, இழப்பீடு குறைவாக இருந்தாலோ பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம், 413ஆம் பிரிவு. அரசு மேல்முறையீடு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தண்டனை மட்டும் குறைவு என்றால் அந்த வழி உங்களுக்கு இல்லை, அரசுதான் போக முடியும். அதற்கு அரசு வழக்கறிஞரிடமும் தொடர்வுத் துறையிடமும் உடனே எழுதித் தர வேண்டும். நடுவர் தீர்ப்பென்றால் அமர்வு நீதிமன்றம், அமர்வு நீதிமன்றத் தீர்ப்பென்றால் உயர் நீதிமன்றம். எதற்கும் சான்றிட்ட நகல் வேண்டும். தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனுவைப் போட்டு, மனு எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.